பலத்த அடிபட்டவர் பிழைப்பாரா? விபத்துப் பிரிவு வாசலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் விபத்துப் பிரிவு ஒன்றில் செவிலியராக 18 வருடமாக வேலை பார்க்கிறேன். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, திருப்புவனம் என்று நாலு பக்கத்திலிருந்தும் ஆம்புலன்ஸ் வரும். அதன் பின்னாலேயே ஒரு வேன் நிறையச் சொந்தபந்தம் வந்து இறங்கும். அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அந்த நேரத்தில் என் கையில் ஊசியோ ரத்தப் பையோ இருக்கும். நின்று பதில் சொல்ல முடிந்ததில்லை. அந்தப் பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். பயிற்சிக்கு வரும் மாணவிகள் கேட்டவையும் இடையிடையே உண்டு.

"சிஸ்டர், சீட்டுல 'பாலிட்ராமா'ன்னு எழுதியிருக்காங்க. அப்படின்னா என்ன?"

உடம்பின் ஒன்றுக்கு மேற்பட்ட பகுதியில், உயிருக்கே ஆபத்தான அளவுக்கு அடி என்று பொருள். காயங்களின் எண்ணிக்கையை வைத்துச் சொல்வதில்லை. உடம்பெல்லாம் சிராய்ப்போடு 20 தையல் போட்டவர் இதில் வர மாட்டார். வெளியில் ஒரு கீறல்கூட இல்லாமல் மூளையிலும் மண்ணீரலிலும் அடிபட்டவர் வருவார்.

2014-ல் உலக அளவில் நிபுணர்கள் கூடி ஒரு வரையறை வைத்தார்கள். இரண்டு பகுதிகளிலாவது கடுமையான காயம் இருக்க வேண்டும். அதோடு ஐந்தில் ஒன்றாவது சேர வேண்டும்: பி.பி.யின் மேல் எண் 90 அல்லது அதற்குக் கீழ், நினைவு ஆழமாகத் தப்பியிருப்பது, ரத்தத்தில் அமிலம் ஏறியிருப்பது, ரத்தம் உறையாமல் போவது, வயது 70 அல்லது அதற்கு மேல். காயத்தை மட்டும் பார்த்தால் போதாது, அந்தக் காயத்தை உடம்பு எப்படித் தாங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கு முடிவானது. இந்தப் பக்கத்தில் வரும் கணக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு அடியில் இருப்பது இதுதான்.

"பிழைப்பாரா மாட்டாரா? ஒத்த வார்த்தையில சொல்லுங்க."

ஒற்றை வார்த்தையில் சொல்ல முடியாது. டாக்டர் மறைக்கிறார் என்று நினைக்காதீர்கள். எங்களிடம் இருக்கும் கணக்கு, இதே வயதில் இதே மாதிரி அடிபட்ட 100 பேரில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பதைச் சொல்லும். உங்கள் வீட்டுக்காரர் அந்த 100 பேரில் யார் என்பது அதற்குத் தெரியாது.

அப்புறம் எதற்கு அந்தக் கணக்கு? யாரை முதலில் உள்ளே எடுப்பது, யாருக்கு ரத்த வங்கிக்கு உடனே ஆள் அனுப்புவது, யாரை ஸ்கேனுக்குக்கூட அனுப்பாமல் நேராக ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோவது என்று அடுத்த பத்து நிமிடத்துக்குள் முடிவு செய்ய. ஆபத்து அதிகம் என்று கணக்கு சொன்னால் நாங்கள் அங்கேதான் அதிகம் ஓடுவோம்.

"எதை வச்சுக் கணக்குப் போடுறீங்க?"

முதல் ஐந்து நிமிடத்தில் எந்த மெஷினும் அதிகம் தேவைப்படாது. நினைவு எப்படி, மேல் பி.பி. எவ்வளவு, நாடித்துடிப்பு, மூச்சு, வயது. நினைவை அளக்க கிளாஸ்கோ அளவுகோல் என்று ஒன்று 1974-லிருந்து இருக்கிறது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கைகால் அசைவுக்கு 6, மொத்தம் 15. ஒன்றுமே இல்லை என்றாலும் 3-க்குக் கீழே போகாது. 8 அல்லது அதற்குக் கீழே போனால் தன் மூச்சுப்பாதையைத் தானே காத்துக்கொள்ள மாட்டார் என்று கொண்டு தொண்டையில் குழாய் போடுவார்கள். இந்த மூன்றில் அசைவுக்கான மதிப்பெண்தான் பிழைப்பதைப் பற்றி அதிகம் சொல்லும்.

2011-ல் ஜப்பானில் இதை எளிமையாக்கி ஒரு கணக்கு கொண்டுவந்தார்கள், பேர் காப். கிளாஸ்கோ எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். வயது 60-க்குக் கீழே என்றால் 3 கூட்டுங்கள். மேல் பி.பி. 120-க்கு மேல் என்றால் 6, 60-லிருந்து 120 வரை என்றால் 4, அதற்கும் கீழே என்றால் ஒன்றுமில்லை. மொத்தம் 24. 19 அல்லது அதற்கு மேல் என்றால் ஆபத்து குறைவு, 11 முதல் 18 வரை நடுத்தரம், 10-க்குள் இருந்தால் மிக அதிகம். 42 வயதுக்காரர், கிளாஸ்கோ 9, பி.பி. 100 என்றால் 9+3+4, அதாவது 16. அதே அடி 68 வயதுக்காரருக்கு என்றால் 13. இதை மனக்கணக்காகவே போட்டுவிடலாம் என்பதால் மாணவிகளுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இதைத்தான்.

"பேசிக்கிட்டேதானே வந்தாரு! எம் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு. ஒரு மணி நேரத்துல எப்படிம்மா போவாரு?"

இந்தக் கேள்வியை நான் கேட்காத மாதம் இல்லை. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று, ரத்தப்போக்கு. பெரிய ஆளின் உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் இருக்கும். அதில் ஒன்றரை லிட்டர் வரை போனாலும் இளவயதுக்காரர் பி.பி.யைத் தாக்குப்பிடிப்பார். இதயம் வேகமாக அடித்து, கைகால் ரத்தக்குழாய்கள் சுருங்கி, மூளைக்கு மட்டும் ரத்தம் போய்க்கொண்டே இருக்கும். அதனால் பேசுவார், தண்ணீர் கேட்பார். தாக்குப்பிடிக்கும் சக்தி தீர்ந்ததும் ஒரேயடியாகச் சரிவார். அவருக்குக் கைகால் சில்லிட்டிருக்கும், வேர்த்திருக்கும், நாடி 120-க்கு மேல் ஓடும். அதனால் பி.பி.யை மட்டும் பார்த்து நாங்கள் நிம்மதி அடைவதில்லை. நாடித்துடிப்பை மேல் பி.பி.யால் வகுத்துப் பார்ப்போம். சாதாரணமாக 0.5 முதல் 0.7 வரை இருக்கும். நாடி 120, பி.பி. 100 என்றால் 1.2. நாடியின் எண் பி.பி.யின் எண்ணைத் தாண்டிவிட்டது என்றாலே, பேசுகிறவராக இருந்தாலும் உடனே கவனிக்க வேண்டியவர்களுக்கான சிவப்புப் பகுதிக்குத்தான் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும்.

இன்னொன்று, மண்டை ஓட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவில் ரத்தம் கட்டுவது. அடிபட்டதும் மயங்கி, பிறகு தெளிந்து, டீ குடித்து, வீட்டுக்குப் போகிறேன் என்பார். ரத்தக்கட்டு பெருத்து மூளையை அழுத்தியதும் மறுபடி மயங்குவார். ஹெல்மெட் போடாமல் விழுந்து சற்று நேரம் நினைவு தப்பியவர், "இப்ப நல்லாத்தான் இருக்கேன்" என்று சொன்னாலும் வீட்டுக்குக் கூட்டிப் போகாதீர்கள்.

"வெளியில ஒரு சொட்டு ரத்தம் இல்லையே, ரத்தம் போயிடுச்சுங்கறீங்க?"

தரையில் சிந்தியது போக இன்னும் நாலு இடத்தில் தேட வேண்டும்: நெஞ்சு, வயிறு, இடுப்புக்கூடு, தொடை. ஒரு தொடை எலும்பு முறிந்தால் ஒன்றிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை அந்தத் தொடைக்குள்ளேயே தங்கிவிடும். தொடை கொஞ்சம் பெருத்த மாதிரி தெரியும், அவ்வளவுதான். இடுப்புக்கூடு திறந்துகொண்டால் அதைவிட அதிகம் போகும். சோழவந்தான் பக்கம் தென்னை மரத்திலிருந்து விழுந்து வருகிறவர்களிடம் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நாங்கள் இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டுவது அந்த ரத்தப்போக்கைக் குறைக்கத்தான். வலிக்கிறது என்று சொன்னாலும் அவிழ்த்துவிடாதீர்கள்.

"ரத்த டெஸ்ட்ல ஹீமோகுளோபின் 13 இருக்கே. அப்புறம் ஏன் நாலு பேரை ரத்தம் குடுக்கக் கூட்டிட்டு வரச் சொல்றீங்க?"

குடத்திலிருந்து பாதி மோரைக் கொட்டிவிட்டாலும் மீதி மோரின் கெட்டி குறையாது, தண்ணீர் ஊற்றினால்தான் நீர்க்கும். ரத்தமும் அப்படித்தான். முழு ரத்தமாகவே வெளியேறுவதால் முதல் டெஸ்டில் ஹீமோகுளோபின் சரியாகவே இருக்கும். சில மணி நேரம் கழித்து, குளுக்கோஸ், சலைன் எல்லாம் ஏறிய பிறகுதான் இறங்கிக் காட்டும். அதுவரை காத்திருந்தால் நேரம் போய்விடும்.

"லாக்டேட், லாக்டேட்னு டாக்டர்கள் பேசிக்கிறாங்களே?"

உடம்பின் திசுக்களுக்குப் போதுமான ஆக்ஸிஜன் போகாவிட்டால் சேரும் அமிலம் அது. 2 வரை இருக்கலாம். 4-ஐத் தாண்டினால், பி.பி. நன்றாக இருந்தாலும் உள்ளுக்குள் எங்கோ பஞ்சம் நடக்கிறது என்று அர்த்தம். மேலே சொன்ன, பேசிக்கொண்டே வந்து சரிகிறவர்களை முன்கூட்டியே காட்டிக்கொடுப்பது இந்த எண்தான்.

முதல் எண்ணைவிட அது இறங்குகிற வேகத்தைத்தான் நான் கவனிப்பேன். 6 என்று வந்து, ரத்தம் ஏற்றிய பின் 4, பிறகு 2 என்று 24 மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டால் பிழைப்பதற்கான வாய்ப்பு நன்றாகக் கூடும். 4-ல் வந்து 5, 6 என்று ஏறினால் ரத்தப்போக்கு இன்னும் நிற்கவில்லை. "எவ்வளவு இருக்கு?" என்று கேட்பதைவிட "இறங்குதா, ஏறுதா?" என்று டாக்டரிடம் கேளுங்கள்.

"மதுரை வெயில்ல கம்பளி போர்த்தி வச்சிருக்கீங்க. வேர்க்காதா?"

சித்திரை மாதத்திலும் அடிபட்டவர் குளிர்ந்துபோவார். ரத்தம் போனவரின் உடம்பு சூடு உண்டாக்க முடியாமல் திணறும். துணியைக் கத்தரித்து எடுத்திருப்போம், ஏ.சி. ஓடும், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ரத்தம் ஏறும். உடம்பின் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் ரத்தம் சரியாக உறையாது. உறையாவிட்டால் இன்னும் ரத்தம் போகும், அமிலம் ஏறும். அமிலம் ஏறினால் உறைவது மேலும் கெடும். குளிர், அமிலம், உறையாமை ஆகிய மூன்றும் சேர்ந்துவிட்டால் ஆளை மீட்பது மிகக் கடினம். பலத்த அடிபட்டு வருகிறவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு, ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கும்போதே ரத்தம் உறைவது கெட்டிருக்கும். போர்வையை யாரும் விலக்காதீர்கள்.

"வயித்தைத் திறந்து, மூடாமலே வெளிய கொண்டு வந்துட்டாங்க. கைவிட்டுட்டாங்களா?"

இல்லை. மேலே சொன்ன மூன்றும் சேரத் தொடங்கியவரை நாலு மணி நேரம் மேஜையில் கிடத்தினால் மேஜையிலேயே போய்விடுவார். அதனால் ரத்தம் வரும் இடத்தை அடைத்து, துணி வைத்து அமுக்கி, தற்காலிகமாக மூடி ஐ.சி.யூ.வுக்கு எடுத்துவருவார்கள். சூடேற்றி, ரத்தம் ஏற்றி, லாக்டேட் இறங்கியதும் ஒன்றிரண்டு நாளில் மறுபடி உள்ளே கொண்டுபோய் முழுதாகச் செய்வார்கள்.

"அப்பாவுக்கு பி.பி. 110 இருக்கு. அது நார்மல்தானே?"

அப்பாவின் வயதையும், அவர் சாப்பிடும் மாத்திரையையும் சொல்லாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. வழக்கமாக 160 இருக்கும் 70 வயதுக்காரருக்கு 110 என்பது பெரிய வீழ்ச்சி. 65-க்கு மேற்பட்டவர்களுக்கு 110-க்குக் கீழே போனாலே எச்சரிக்கை என்று வைத்திருக்கிறோம். இதயத்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு நாடி வேகமாகாது. அதனால் மேலே சொன்ன வகுத்தல் கணக்கும் அவரிடம் ஏமாற்றும்.

ஒருமுறை ஒரு பெரியவர் மொபெட்டிலிருந்து விழுந்து வந்தார். கிளாஸ்கோ 15, சின்னக் காயம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை மகள் மூன்று மணி நேரம் கழித்துத்தான் சொன்னார், அதுவும் நான் கேட்டதால். அதற்குள் தலைக்குள் ரத்தம் பரவியிருந்தது. முதலிலேயே கேட்டிருக்க வேண்டியது நான். அன்றிலிருந்து பேர் கேட்பதற்கு முன்பே மாத்திரையைக் கேட்கிறேன். அவசரத்தில் கிளம்பும்போது மாத்திரை அட்டையை மடியில் முடிந்துகொண்டு வாருங்கள்.

"ஐ.எஸ்.எஸ். 34-ன்னு கேஸ் ஷீட்ல இருக்கு. அது எப்படி வருதுங்க சிஸ்டர்?" (மாணவிகள்)

காயங்களின் கடுமையை ஒரே எண்ணாகச் சொல்ல 1974-ல் வந்த முறை. உடம்பை ஆறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு காயத்துக்கும் 1 முதல் 6 வரை மதிப்பு கொடுப்பார்கள். மோசமாக அடிபட்ட மூன்று பகுதிகளில், பகுதிக்கு ஒரு காயம் எடுத்து, அதன் மதிப்பை அதாலேயே பெருக்கிக் கூட்ட வேண்டும். நெஞ்சு 4, தலை 3, தொடை 3 என்றால் 16+9+9, மொத்தம் 34. அதிகபட்சம் 75. 16 அல்லது அதற்கு மேல் என்றால் பலத்த காயம்.

இதில் இரண்டு குறைகள். எல்லாக் காயமும் தெரிந்த பிறகுதான் போட முடியும். ஸ்கேனும் ஆபரேஷனும் முடியாமல் வராது. வாசலில் உதவாது, பிற்பாடு நம் வேலையை எடைபோட உதவும். இரண்டாவது, ஒரே பகுதியில் இரண்டு பெரிய காயம் இருந்தால் ஒன்றைத்தான் எண்ணும். இரண்டு தொடையும் முறிந்தவருக்கும் ஒரு தொடை முறிந்தவருக்கும் ஒரே மதிப்பு. 1997-ல் இதைத் திருத்தி, எந்தப் பகுதியாக இருந்தாலும் மோசமான மூன்று காயங்களை எடுக்கும் புது முறை வந்தது.

"குடிச்சிருக்கார் சிஸ்டர், அதான் கிளாஸ்கோ 10." (இதுவும் மாணவிகள்தான், கேள்வியாகக்கூடக் கேட்பதில்லை)

அப்படி முடிவு கட்டக் கூடாது. குடித்தவருக்கும் மூளையில் ரத்தம் கட்டும். ஸ்கேன் பார்த்து இல்லை என்று தெரியும்வரை அந்த 10-ஐ அடிபட்டதால் வந்த 10 என்றே வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை அளவையும் குத்திப் பாருங்கள். குழாய் போட்டவர் பேச முடியாது. பேச்சுக்கு எண்ணுக்குப் பதில் 'டி' என்று எழுதுங்கள். மயக்க மருந்து கொடுத்த பின் எடுத்த எண்ணை வைத்து யாருக்கும் ஆபத்துக் கணக்குப் போடாதீர்கள்.

"கொட்டாம்பட்டியில அடிபட்டவரை மேலூர்ல நிறுத்தாம நேரா மதுரைக்குக் கொண்டு வந்தது சரியா?"

108-ல் வந்தால் அந்த முடிவை அவர்கள் எடுக்கட்டும். சொந்தக் காரில் வருகிறீர்கள், ஆள் வெளுத்துப்போய் மூச்சுத் திணறுகிறார் என்றால் வழியில் இருக்கும் அரசு மருத்துவமனையில் நிறுத்துங்கள். நெஞ்சில் சேர்ந்த காற்றை வெளியேற்றுவது, வெளி ரத்தப்போக்கைக் கட்டுவது, ஆக்ஸிஜன் கொடுப்பது எல்லாம் அங்கேயே செய்யலாம்.

டிரானெக்ஸாமிக் அமிலம் என்று ஒரு ஊசி இருக்கிறது. விலை அதிகமில்லை. 2010-ல் 40 நாடுகளில் 20,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்து, உயிரிழப்பைக் குறைக்கிறது என்று காட்டினார்கள். ஆனால் அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் போட வேண்டும், பிந்திப் போட்டால் கெடுதலாகவும் முடியலாம். எத்தனை மணிக்கு விபத்து நடந்தது என்று நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது போலீஸ் கேஸுக்காக மட்டும் இல்லை. ரோட்டில் தூக்கிவிட்டவரையும் சட்டம் தொந்தரவு செய்யாது. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அவருக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது. பயந்து ஓடாமல் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

"'48 மணி நேரம் போகட்டும்'னு சொல்றாங்க. அது என்ன கணக்கு?"

அடிபட்டவர்கள் இறப்பது மூன்று கட்டமாக நடக்கும் என்று பழைய பாடம். சிலர் ரோட்டிலேயே, சிலர் முதல் சில மணி நேரங்களில், சிலர் ஒரு வாரம் பத்து நாள் கழித்து. நடுவில் உள்ளவர்களைக் கொல்வது பெரும்பாலும் ரத்தப்போக்கும் தலைக்காயமும். நாங்கள் ஓடிக் காப்பாற்றக்கூடியவர்கள் அங்கேதான் அதிகம். தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டமும் சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத்தான் இலவசமாகத் தருகிறது. காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும், வெளிமாநிலத்தவராக இருந்தாலும் உண்டு. பணம் புரட்ட ஊருக்குப் போய் நேரத்தை விடாதீர்கள்.

48 தாண்டிவிட்டால் தப்பித்தார் என்று மொட்டை போட வேண்டிக்கொள்ளலாம், ஆனால் கண்ணை எடுக்கக் கூடாது. தொடை எலும்பு முறிந்தவருக்கு ஒன்று முதல் மூன்று நாளுக்குள் கொழுப்புத் துளிகள் நுரையீரலை அடைக்கலாம். அதற்கப்புறம் கிருமித்தொற்று, சிறுநீரகம் செயலிழப்பது.

"ஒரே பைக்ல போன ரெண்டு பேருக்கும் ஒரே ஸ்கோர். ஒருத்தன் பிழைச்சான், எம் புள்ள போயிட்டான். ஏன்?"

அந்த அம்மாவிடம் அன்றைக்கு என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்போது சொல்கிறேன். ஸ்கோர் எண்ணாத விஷயங்கள் நிறைய. எவ்வளவு நேரம் ரோட்டில் கிடந்தார், வழியில் மூச்சு தடைபட்டதா, பி.பி. ஒரு தடவையாவது 90-க்குக் கீழே போனதா. மூளையில் கடுமையாக அடிபட்டவருக்கு அப்படி ஒரு தடவை போனாலே இறப்பு ஏறக்குறைய இருமடங்கு ஆகிறது. வயது, காயம், பி.பி. எல்லாம் சேர்த்துச் சதவீதம் சொல்லும் டிரிஸ் என்ற கணக்கும் உண்டு. அதன் எடைகள் அமெரிக்க மருத்துவமனை நோயாளிகளை வைத்துப் போட்டவை. பருத்திக்காட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் கிடத்திக் கொண்டுவரப்பட்டவருக்கு அது அப்படியே பொருந்தும் என்று எதிர்பார்க்க முடியாது. கம்ப்யூட்டர் போடும் புதுக் கணக்குகளுக்கும் இதே சோதனை வேண்டும்: நம்மூர் நோயாளிகளிடம் சரிபார்த்தார்களா?

"கிளாஸ்கோ 3-ன்னு சொல்லிட்டாங்க. அப்ப மூளைச்சாவுதானே?"

இல்லை. 3 என்பது அந்த நிமிடத்தின் அளவு. மயக்க மருந்து, தசையைத் தளர்த்தும் மருந்து, கடும் குளிர்ச்சி, பி.பி. அடியோடு விழுவது, எல்லாமே 3 காட்டலாம். மூளைச்சாவு என்பது சட்டப்படியான ஒரு முடிவு. அந்தக் காரணங்கள் எதுவும் இல்லை என்று உறுதி செய்து, நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்த பிறகே சொல்வார்கள். உறுப்பு தானம் பற்றிய பேச்சு அதற்கப்புறம்தான் வரும்.

"எப்படியும் போகப்போற உசுரு. கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குக் கொண்டுபோயிடலாம்னு மாமா சொல்றாரு. நீங்க என்ன சொல்றீங்க சிஸ்டர்?"

வீட்டில் போய் உயிர் அடங்கட்டும் என்கிற ஆசை நம் ஊரில் எவ்வளவு ஆழமானது என்று எனக்குத் தெரியும். என் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் முதல் நாள் ஸ்கோரை வைத்து அந்த முடிவை எடுக்காதீர்கள். 100 பேரில் 70 பேர் இறப்பார்கள் என்று கணக்கு சொல்லும்போதே, 30 பேர் எழுந்து போவார்கள் என்றும் அதே கணக்குதான் சொல்கிறது. அந்த 30 பேரில் யாரும் குழாயைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர் இல்லை.

மாமாவையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போங்கள். மூன்று கேள்வி கேளுங்கள். ரத்தப்போக்கு நின்றதா? லாக்டேட் இறங்குகிறதா? மயக்க மருந்தை நிறுத்திப் பார்த்தபோது கைகால் அசைவு எப்படி? ஆறு மணி நேரம் கழித்து அதே மூன்றையும் மறுபடி கேளுங்கள். இரவு என்றால் டியூட்டியில் இருக்கும் எங்களிடம் கேளுங்கள், கோபப்பட மாட்டோம்.